மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட்: உங்களுக்கு அவசரமில்லை, தங்கைக்குத் தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். முதல் கொலோனோஸ்கோப்பியில் இடதுபக்கப் பெருங்குடல் முழுவதும் புண் இருந்தது. இப்போது மெசலமின் மாத்திரை தினம் 2.4 கிராம், இரவில் மெசலமின் சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்து) ஒன்று. ரத்தம் போவது நின்றுவிட்டது. சென்ற மாதம் சிக்மாய்டோஸ்கோப்பியில் (குடலின் கீழ்ப்பகுதியை மட்டும் கேமராவால் பார்ப்பது) 30 செ.மீ. வரை பார்த்து ‘மேயோ 1’ என்று எழுதினார்கள். ஆனால் மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) 460. நோய் எவ்வளவு ஆழம் என்று அறிய எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் செய்யலாம் என்கிறார் மருத்துவர். கொலோனோஸ்கோப்பியைவிட இது மேலானதா? என் தங்கைக்குக் கிரோன்ஸ் நோய். ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு துளையிலிருந்து அவ்வப்போது சீழ் வருகிறது. அவளுக்கும் இதே பரிசோதனையைச் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் ஒன்றாகப் போய்ச் செய்துகொள்ளலாமா?

பதில்: பெயர் ஒன்றுதான் என்றாலும் உங்கள் இருவருக்கும் அந்தப் பரிசோதனை சொல்லப்போகும் சேதி வேறு. உங்களுக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை மூன்று இருக்கின்றன. உங்கள் தங்கைக்கோ அது முதல் வரிசையில் வரும் பரிசோதனை. அவருடைய சிகிச்சையின் போக்கே அதைப் பொறுத்து மாறலாம்.

கொலோனோஸ்கோப்பியின் கேமரா குடலின் உள்மேற்பரப்பை மட்டும் காட்டும். சிவப்பு, புண், ரத்தக்கசிவு, ரத்தநாளக் கோலம் அழிந்திருப்பது, இவையெல்லாம் மேற்பரப்பில் தெரிபவை. எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் குழாயின் நுனியில் ஒலியலைக் கருவி இருக்கும். அது குடல்சுவரை ஐந்து அடுக்காகப் பிரித்துக் காட்டும். உள்ளிருந்து வெளியே எண்ணினால் முதல் அடுக்கு வெளிர், இரண்டாவது கருமை. இவை இரண்டும் சளிப்படலம். மூன்றாவது வெளிர் அடுக்கு சளிப்படலத்துக்கு அடியிலுள்ள இணைப்புத் திசு. நான்காவது கரிய அடுக்கு தசை. ஐந்தாவது வெளிர் அடுக்கு வெளியுறை. சுவர் எத்தனை மி.மீ. தடித்திருக்கிறது, எந்த அடுக்கு தடித்திருக்கிறது, அடுக்குகளின் எல்லை தெளிவாக இருக்கிறதா கலைந்துபோயிருக்கிறதா, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் ஓட்டம் கூடியிருக்கிறதா, சுவருக்கு வெளியே சீழோ நிணநீர்க்கட்டியோ உண்டா என்று இத்தனை விவரம் இதில் கிடைக்கும்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் சளிப்படலத்திலும் அதற்கடுத்த அடுக்கிலும் நின்றுவிடும் நோய். கிரோன்ஸ் சுவரின் எல்லா அடுக்குகளையும் துளைத்து வெளியே போகக்கூடியது. எனவே உங்கள் நோயின் பெரும்பகுதியைக் கேமராவும் பயாப்ஸியுமே (சிறு திசுவைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பது) காட்டிவிடும். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற முடிவுகளும் மேயோ, யு.சி.இ.ஐ.எஸ். போன்ற கேமரா மதிப்பெண்களை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. மேயோ 0 முதல் 3 வரை, யு.சி.இ.ஐ.எஸ். 0 முதல் 8 வரை; எண் கூடக்கூட நோய் கடுமை. எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டில் சுவர்த் தடிமன் நோயின் தீவிரத்தோடு சேர்ந்து ஏறுவது உண்மைதான். ஆனால் ‘இத்தனை மி.மீ.க்கு மேல் போனால் இந்த மருந்து’ என்று எல்லா மையங்களும் ஏற்ற அளவுகோல் அதற்கு இல்லை.

இதைவிட முக்கியமான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் இரவில் வைப்பது சப்போசிட்டரி. அதன் மருந்து மலக்குடலோடு நின்றுவிடும், அதற்கு மேலே வளைந்து செல்லும் சிக்மாய்டுக்கு ஏறாது. ஆகையால் அது தொடும் இடம் ஆறி, தொடாத இடம் அழற்சியோடு இருப்பது அடிக்கடி நடப்பதுதான். உங்கள் நோய் தொடங்கியபோது மண்ணீரல் வளைவு வரை, அதாவது இடதுபக்கப் பெருங்குடலின் மேல்முனை வரை போயிருந்திருக்கிறது. சென்ற மாதம் பார்த்ததோ 30 செ.மீ. மட்டும். மீதி இடதுபக்கக் குடலை யாரும் பார்க்கவில்லை. 460 அங்கிருந்து வந்திருக்கலாம்.

இப்போது மலக்குடலில் அல்ட்ராசவுண்ட் செய்தால் என்ன கிடைக்கும்? வழக்கமான அல்ட்ராசவுண்ட் எண்டோஸ்கோப்பின் நுனி விறைப்பானது, கேமராவும் நேரே முன்னால் பார்க்காமல் சாய்வாகப் பார்க்கும். சிக்மாய்டின் வளைவுகளைத் தாண்டி அதை ஏற்றுவது கடினம், அழற்சியுள்ள குடலில் ஆபத்தும்கூட. ஆகவே பெரும்பாலும் மலக்குடலோடும் சிக்மாய்டின் தொடக்கத்தோடும் நிறுத்திவிடுவார்கள். உங்கள் குடலில் நன்றாக ஆறிய இடம் எதுவோ அதையே மிக நுட்பமாக அளந்துவிட்டு, ‘சுவர் சாதாரணம்’ என்று அறிக்கை வரும். நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். நான் அஞ்சுவது அதைத்தான்.

கொலோனோஸ்கோப்பின் உட்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய மினிப்ரோப் என்று ஒன்று உண்டு. 12 அல்லது 20 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, பெருங்குடலின் மேல்பகுதிக்கும் போகும். ஆனால் அதற்கு முழுக் கொலோனோஸ்கோப்பி செய்தாக வேண்டும். முழுக் கொலோனோஸ்கோப்பி செய்துவிட்டாலோ உங்கள் கேள்விக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கால்புரோடெக்டினைத் திரும்பப் பாருங்கள். ஒரே நாளில் ஒரு மலத்துக்கும் அடுத்த மலத்துக்கும் இந்த அளவு மாறும். காலையில் முதலில் போகும் மலத்தில் கொடுங்கள், அடுத்த முறையும் அதே நேரத்தில் கொடுங்கள். மாதிரி அறை வெப்பத்தில் மூன்று நாளுக்கு மேல் கிடந்தால் அளவு குறைந்துபோகும், எனவே அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை எடுத்துக்கொண்டிருந்தீர்களா? அவை கால்புரோடெக்டினை உயர்த்தும், சிலருக்கு நோயையே கிளப்பிவிடும். நிறுத்தி இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளும் அளவை ஏற்றக்கூடும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடவே மலத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் நச்சுக்கும் சோதனை செய்துவிடுவது நல்லது. கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு இந்தக் கிருமித் தொற்று எளிதில் வரும், வந்தால் நோய் முற்றிவிட்டதுபோலவே தோன்றும். திரும்பப் பார்த்ததில் கால்புரோடெக்டின், ஒரு கிராம் மலத்தில் 150 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் அழற்சி அடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். 250க்கு மேலேயே நின்றால் எங்கோ ஓரிடத்தில் நோய் எரிந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது, வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் குடல் அல்ட்ராசவுண்ட். மயக்கமும் வேண்டாம், பேதி மருந்தும் வேண்டாம். இடதுபக்கப் பெருங்குடலை இது நன்றாகக் காட்டும். இடுப்புக்குழியின் ஆழத்தில் இருக்கும் மலக்குடலைத்தான் சரியாகக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது இடதுபக்கம்தான் என்பதால் இந்தக் குறை உங்களைப் பாதிக்காது. பெருங்குடல் சுவர் 3 மி.மீ. வரை சாதாரணம். இதற்கு மிலன் அளவுகோல் என்று ஒரு கணக்கு இருக்கிறது: சுவர்த் தடிமனை 1.4ஆல் பெருக்கி, டாப்ளரில் சுவருக்குள் ரத்த ஓட்டம் தெரிந்தால் 2 கூட்ட வேண்டும். 6.2க்கு மேல் போனால் அழற்சி உண்டு. 4 மி.மீ. சுவரும் ரத்த ஓட்டமும் இருந்தால் 5.6உடன் 2 சேர்ந்து 7.6 ஆகிறது. இந்தக் கணக்கு வயிற்றின் மேலிருந்து எடுத்த பெருங்குடல் படத்துக்கு மட்டுமே பொருந்தும். மலக்குடலுக்குள்ளிருந்து அளந்த எண்ணை இதில் போட்டுப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது, மேற்படி இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் முழுக் கொலோனோஸ்கோப்பி. பார்வைக்கு நன்றாக இருக்கும் இடங்களிலிருந்தும் சேர்த்து, பகுதி பகுதியாகப் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். குடல் சுத்தம் செய்ய வாய்வழிச் சோடியம் பாஸ்பேட் வேண்டாம். அதுவே சளிப்படலத்தில் சிறு புண்களை உண்டாக்கிப் படிப்பவரைக் குழப்பும். பாலிஎதிலீன் கிளைகால் கரைசல் போதும். நோய் தொடங்கி எட்டு ஆண்டானதும் புற்றுநோய் முன்மாற்றங்களுக்கான கண்காணிப்புக் கொலோனோஸ்கோப்பி எப்படியும் தொடங்க வேண்டும். உங்களுக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. மேலே நோய் இருப்பது உறுதியானால், மாத்திரையை 4.8 கிராமுக்கு ஏற்றுவது, சப்போசிட்டரிக்குப் பதில் மண்ணீரல் வளைவு வரை எட்டக்கூடிய மெசலமின் எனிமா போடுவது என்று உங்கள் மருத்துவர் கையில் எளிய வழிகள் பாக்கியிருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் தேவைப்படக்கூடிய சில நிலைமைகள் உண்டு. நோய் உண்மையில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸா கிரோன்ஸா என்ற சந்தேகம் எழுந்தால், ஸ்கேனில் மலக்குடல் சுவர் காரணமில்லாமல் தடித்திருந்தால், மலக்குடல் சுருங்கிக்கொண்டே போனால், அப்போது செய்யலாம். அப்படிச் செய்ய நேர்ந்தால் அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் அளக்கும் விதத்தில்தான் இருக்கின்றன.

ஒலியலை சுவரில் செங்குத்தாக விழ வேண்டும். சாய்வாக விழுந்தால் 3 மி.மீ. சுவர் 5 மி.மீ. போலத் தெரியும். மலக்குடலின் மடிப்பு ஒன்றின் மேல் அளந்தாலும் அதே கதைதான். கருவி நுனியிலுள்ள பலூனில் தண்ணீரை அதிகம் நிரப்பிச் சுவரோடு அழுத்திவிட்டால், வீங்கிய சுவரும் மெலிந்து சாதாரணம்போலத் தோன்றும். நல்ல முறை இதுதான்: உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மலக்குடலில் 100 முதல் 200 மி.லி. தண்ணீர் விட்டு, பலூனைச் சிறிதளவே நிரப்பி, குழாயை மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே பல இடங்களில் அளப்பது. காற்றுக்குமிழியும் மிச்சமிருக்கும் மலமும் படத்தைக் கெடுக்கும். பயாப்ஸி எடுப்பதாக இருந்தால் அளந்து முடித்த பிறகே எடுக்க வேண்டும். கிள்ளிய இடம் வீங்கி, அந்த வீக்கமே நோயாகக் கணக்கில் ஏறிவிடும். அதிர்வெண்ணையும் கவனியுங்கள். 20 மெகாஹெர்ட்ஸில் அடுக்குகள் நுணுக்கமாகத் தெரியும், ஆனால் ஒன்றிரண்டு செ.மீ. ஆழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. 7.5 மெகாஹெர்ட்ஸில் ஆழம் கிடைக்கும், நுணுக்கம் குறையும். எதில் பார்த்தார்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

தடித்த சுவர் என்றாலே எரியும் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். ஆண்டுக்கணக்காக நோய் இருந்தவர்களுக்கு மூன்றாம் அடுக்கில் கொழுப்பும் தழும்புத் திசுவும் சேர்ந்து சுவர் நிரந்தரமாகவே தடித்துப்போகும். அங்கே டாப்ளரில் ரத்த ஓட்டம் இராது, கால்புரோடெக்டினும் குறைவாக இருக்கும். அதற்காக ஸ்டீராய்டு கொடுத்தால் பக்கவிளைவுதான் மிஞ்சும். மாறாக, அடுக்குகளின் எல்லை கலைந்து தசை அடுக்கு வரை கருமை பரவியிருந்தால் கிரோன்ஸ் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். மிகக் கடுமையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் இப்படிக் காணலாம் என்பதால் அந்த ஒரு படத்தை வைத்து நோயின் பெயரை மாற்றிவிடக் கூடாது.

இப்போது தங்கைக்கு வருகிறேன். அவருடைய பிரச்சினை பவுத்திரம். வெளியே தெரிவது ஒரு துளை. உள்ளே அது எந்தப் பாதையில் போகிறது, சுருக்குத்தசையைத் துளைக்கிறதா, இரு தசைகளுக்கு நடுவே போகிறதா, கிளை பிரிகிறதா, எங்காவது சீழ் தேங்கியிருக்கிறதா என்பதைக் கொலோனோஸ்கோப்பி சொல்லாது. மேலிருந்து பார்க்கும் வயிற்று அல்ட்ராசவுண்டும் சொல்லாது. மலக்குடல் வழி அல்ட்ராசவுண்ட் சொல்லும். உட்சுருக்குத்தசை அதில் கரிய வளையமாகத் தெரியும், பவுத்திரத்தின் பாதை கரிய கோடாக ஓடும், அதற்குள் காற்று இருந்தால் வெளிர்ப் புள்ளிகள் மின்னும். பாதை சரியாகத் தெரியாவிட்டால் வெளித்துளை வழியே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு செலுத்துவார்கள். குமிழிகள் பாதை முழுவதையும் வெளிராக்கிக் காட்டும், உட்துளை எங்கே திறக்கிறது என்பதும் பெரும்பாலும் அப்போதுதான் பிடிபடும்.

இதற்கு இணையான பரிசோதனைகள் இரண்டு: இடுப்பு எம்.ஆர்.ஐ., மயக்கத்தில் அறுவை மருத்துவர் விரலாலும் சலாகையாலும் பார்ப்பது. கிரோன்ஸ் பவுத்திரத்தில் இம்மூன்றையும் ஒப்பிட்டு 2001-இல் வெளிவந்த ஆய்வில் ஒவ்வொன்றும் தனித்தனியே சுமார் 90 விழுக்காடு சரியாகச் சொன்னது. எந்த இரண்டைச் சேர்த்தாலும் அந்த ஆய்வில் 100 விழுக்காடு ஆனது. ஆகவே ‘எது சிறந்தது’ என்று கேட்பதைவிட ‘எந்த இரண்டைச் செய்யப்போகிறீர்கள்’ என்று கேளுங்கள். என் விருப்பம் எம்.ஆர்.ஐ.யும் மயக்கப் பரிசோதனையும், அல்லது மலக்குடல் வழி அல்ட்ராசவுண்டும் மயக்கப் பரிசோதனையும். மயக்கப் பரிசோதனையைச் சேர்ப்பதற்குக் காரணம், சீழைக் கண்டால் அங்கேயே வடித்துவிடலாம் என்பதுதான். பாதை மிக உயரே, இடுப்புத்தள தசைக்கு மேலே போவதாகச் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் முதலில், ஏனென்றால் ஒலியலை அவ்வளவு தூரம் தெளிவாக எட்டாது. ஆசனவாய் சுருங்கியிருந்தாலோ கருவியை நுழைக்கவே முடியாத அளவு வலித்தாலோ விழித்திருக்கும்போது அவரை வருத்த வேண்டாம். மயக்கத்தில் செய்யச் சொல்லுங்கள், அல்லது வெளியே தோலின் மேல் வைத்துப் பார்க்கும் முறையைக் கேளுங்கள்.

இதில் வரிசை மிக முக்கியம். சீழ் தேங்கியிருக்கும்போது இன்ஃப்ளிக்சிமாப் போன்ற, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடங்கினால் தொற்று உடலெங்கும் பரவும் ஆபத்து இருக்கிறது. முதலில் படம், பிறகு சீழை வடித்து, பாதை அடைபடாமல் சீழ் வடிந்துகொண்டிருக்க அதனூடே செட்டான் நூல் போடுவது, அதற்குப் பிறகே மருந்து. சிகிச்சை தொடங்கியபின் இன்னொரு இடறல் உண்டு. மருந்தில் வெளித்துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே பாதை ஆறப் பல மாதம் ஆகும். வெளியே காய்ந்துவிட்டது என்று நூலை எடுத்துவிட்டால் அடைபட்ட இடத்தில் மறுபடி சீழ் கட்டும். நூலை எடுப்பதற்கு முன் மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது படம்தான் அடிக்கடி விட்டுப்போகிறது.

தயாரிப்பு கடினமானது அல்ல. மலக்குடலுக்கு மட்டும் என்றால் ஓரிரு மணி நேரம் முன்பு ஓரிரு எனிமா போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாஸ்பேட் எனிமா வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மயக்க ஊசி போடுவதாக இருந்தால் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது, தெளிந்த நீராகாரத்தை இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். இடதுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மலம் வருவதுபோன்ற உணர்வு இருக்கும், அது உள்ளே விட்ட தண்ணீரால் வருவது.

சில நிலைமைகளில் இந்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ மலம் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல் 37.8 செல்சியஸைத் தாண்டினாலோ நாடித்துடிப்பு 90ஐத் தாண்டினாலோ அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். அந்த நிலையில் முழுக் கொலோனோஸ்கோப்பியோ விறைத்த அல்ட்ராசவுண்ட் குழாயோ குடலைக் கிழித்துவிடக்கூடும். பேதி மருந்து இல்லாமல் கீழ்ப்பகுதியை மட்டும் மென்மையாகப் பார்த்து, ஒரு வயிற்று எக்ஸ்ரே எடுத்துச் சிகிச்சையைத் தொடங்குவார்கள். தங்கைக்கு ஆசனவாய்ப் பக்கத்தில் வலி கூடி, வீங்கி, காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், அல்லது வழக்கமாக வரும் சீழ் திடீரென்று நின்று வலி மட்டும் ஏறினால், உள்ளே அடைபட்டுவிட்டது என்று பொருள். பரிசோதனைக்குக் கொடுத்த தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.